பாதி வழியில் ஒரு நேர்முகத் தேர்வு

"ஐயோ, கயிறு அறுந்துடுச்சா?"

தங்க ஃபிரேம் கண்ணாடிக்காரர் லிஃப்ட்டின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றிருந்தது லிஃப்ட்.

"அறுந்தாலும் விழாது சார், பயப்படாதீங்க" என்றார் ரேடார்.

விமானப்படையில் இருபது வருஷம் போர் விமானங்களின் ரேடியோ, ரேடார் கருவிகளைப் பழுது பார்த்தவர். மச்சினன் வைத்த பெயர்தான் ரேடார். ஓய்வு பெற்று வந்து ஒரு வருஷமாக வேலை தேடுகிறார். போன இடத்திலெல்லாம், "விமானம் எங்கே, நாங்க எங்கே?" என்று கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார்கள். "பட்டாளமா? வாசல்ல செக்யூரிட்டியா நிக்கறீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. நான்காவது மாடியில் இருக்கும் இந்த லிஃப்ட் கம்பெனியும் கைவிட்டால், மச்சினன் பார்த்து வைத்திருக்கும் செக்யூரிட்டி வேலைதான் கதி. அவன் விசில்கூட வாங்கி வைத்துவிட்டான்.

ரேடார் அலாரம் பொத்தானை அழுத்தினார்.

"மோட்டார் ரூமுக்கு ஆள் போயிருக்கு சார், கொஞ்சம் பொறுங்க" என்றது ஸ்பீக்கர்.

"நீங்க இந்த லிஃப்ட் கம்பெனிக்கா வந்திருக்கீங்க?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"ஆமா சார். சர்வீஸ் இன்ஜினியர் வேலைக்கு இன்டர்வியூ. இதுக்கு முன்னாடி விமானப்படையில இருந்தேன், விமானம் பழுது பார்க்கற வேலை."

"ஓ... அப்படியா!" கண்ணாடிக்காரர் டையைச் சரிசெய்துகொண்டார்.

ரேடாருக்குப் பொறி தட்டியது. லிஃப்ட் கம்பெனி இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் தானாக நிற்குமா? நிறுத்தியிருக்கிறார்கள்! எதிரே கோட், டை, தங்க ஃபிரேம். சந்தேகமே இல்லை, மேனேஜர். இன்டர்வியூ ஆரம்பமாகிவிட்டது. பயந்த மாதிரி என்னமாய் நடிக்கிறார், வேர்வைகூட வருகிறதே!

"அறுந்தாலும் விழாதுன்னீங்களே, அது எப்படி?"

கேள்வியைப் பார், ஆணிவேரிலேயே கைவைக்கிறார் மனுஷன்.

"துணி காயப்போடுற கிளிப் பார்த்திருப்பீங்க சார். விரலால அழுத்தினாத்தான் வாயைத் திறக்கும், விட்டா கவ்விக்கும். லிஃப்ட் பிரேக்கும் அதே ரகம். அழுத்துற விரல்தான் கரண்ட். கரண்ட் போச்சுன்னா ஸ்பிரிங் கவ்விக்கும். அதனாலதான் பத்திரமா நிக்கறோம்."

"அப்ப கயிறு?"

"கயிறு ஒண்ணு இல்ல சார், நாலஞ்சு. அத்தனையும் அறுந்தாலும், வேகம் மிஞ்சின உடனே அடியில இருக்கற தாடை ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கடிச்சுக்கும்."

கண்ணாடிக்காரரின் உதடுகள் அசைந்தன. "கிளிப்... விரல்... கரண்ட்..."

மார்க் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டார் ரேடார். உற்சாகம் தலைக்கேறியது.

"அது சரி, விமானத்துல வேலை பார்த்தவருக்கு லிஃப்ட் எப்படிங்க சரிப்படும்?"

இதுவரை எல்லா இடத்திலும் அவரைக் கவிழ்த்த கேள்வி! இந்தத் தடவை தயாராக வந்திருந்தார்.

"பைலட் வந்து 'ரேடியோ கரகரங்குது'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுவார் சார். மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒயர். அங்குலம் அங்குலமாப் பார்த்தா விடிஞ்சிடும். நடுவுல சோதிக்கணும். அதுவரைக்கும் சரியா வந்தா முன்பாதியை மறந்துடலாம். மீதியில மறுபடியும் நடு. லிஃப்ட்லயும் அதே கதைதான். எல்லா மாடிக் கதவுப் பூட்டும் ஒரே ஒயர்ல வரிசையாக் கோத்திருக்கும். ஒண்ணு சரியா மூடலைன்னாலும் வண்டி நகராது. பதினாறு மாடின்னா மாடி மாடியா ஏறி மூச்சு வாங்கக் கூடாது. எட்டாவதுல ஆரம்பிக்கணும். நாலே சோதனை, கோளாறு கையில!"

"இன்னொரு தடவை... மெதுவாச் சொல்லுங்களேன்."

சொன்னார். இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற அதிகாரி எங்கே கிடைப்பார்! கேட்காத இரண்டு விஷயத்தையும் சேர்த்தே சொன்னார்.

லிஃப்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான்காவது மாடியில் கதவு திறந்ததும் கண்ணாடிக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரொம்ப நன்றிங்க. எனக்கு யாருமே இவ்வளவு தெளிவாச் சொன்னதில்ல." விறுவிறுவென்று இன்டர்வியூ அறைக்குள் போய்விட்டார்.

வெளியே நாற்காலியில் சாய்ந்து ரேடார் மனைவிக்கு போன் போட்டார்.

"ஏங்க, இன்டர்வியூ ஆச்சா?"

"உள்ளே இன்னும் கூப்பிடலை. ஆனா முடிஞ்ச மாதிரிதான்! மேனேஜர் லிஃப்ட்லயே முடிச்சுட்டார். அந்த விசிலைக் கடையிலேயே திருப்பிக் குடுத்துடச் சொல்லு உன் தம்பிகிட்ட."

"அப்பாடா! அளவாத்தானே பேசினீங்க?"

"கேட்டதுக்கு மட்டும்தான் பதில். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தடவை."

சற்று நேரத்தில் அறைக்கதவு திறந்தது. ரேடார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். வந்தது ஒரு அம்மாள். பின்னாலேயே கண்ணாடிக்காரர்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றார் அந்த அம்மாள் ரேடாரிடம். "இருந்தது ஒரே இடம், இவருக்குக் குடுத்தாச்சு. இருபது வருஷமா நான் இங்கே மேனேஜர். துணி கிளிப்பை வெச்சு பிரேக்கை இவ்வளவு அழகா விளக்கின ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்!"

அந்த அம்மாள் உள்ளே போனதும் கண்ணாடிக்காரர் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினார்.

"டிப்ளமா படிச்சு முடிச்சதிலேருந்து கோட்டுக் கடையிலதான் சார் வேலை. உங்க போன் நம்பரைக் கொஞ்சம் குடுங்களேன், திங்கட்கிழமை வேலையில சேர்ந்ததும் கேட்க நிறைய சந்தேகம் இருக்கு."