உறைமோர்

கதவைச் சாத்திய பிறகுதான் இவளுக்கு உறைத்தது.

எதிர் வீட்டுக் கனி வந்து, "யக்கா, உறைமோர் இருக்கா?" என்று கேட்டாள்.

இவளும் பழக்கதோஷத்தில், "விளக்கு வச்சாச்சுல்லா கனி, காலைல தாரேன்" என்று சொல்லிவிட்டாள். எந்த வீட்டில்தான் விளக்கு வைத்த பிறகு மோர் கொடுப்பார்கள்?

கனி நகரவில்லை. வாயைத் திறந்தாள்.

எதிர் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது.

"சரிக்கா" என்று ஓடிவிட்டாள்.

அவள் கையில் கிண்ணம் இல்லை. காலில் செருப்பு இல்லை. எல்லாவற்றையும் இவள் பார்த்தாள். பார்த்து என்ன பிரயோஜனம்?

மூன்று மாதத்துக்கு முன்னால் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது இருவரும் பேசிவைத்த வார்த்தை அது. புருஷன் கை நீட்டினால் கனி எப்படியாவது வெளியே வந்து உறைமோர் கேட்பாள். இவள் அவளை உள்ளே இழுத்துத் தாழ் போட வேண்டும். அவள் அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான் வேலை.

யாருக்கும் சந்தேகம் வராத வார்த்தையாக இருக்கட்டும் என்று இவள்தான் சொன்னாள்.

இவளுக்கே வரவில்லை.

பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கனியின் அண்ணனுக்குப் போன் போட்டாள். கயத்தாற்றில் இருந்தான். போலீசோடு வருகிறேன், முக்கால் மணி நேரம் ஆகும் என்றான்.

எதிர் வீட்டில் டிவி சத்தம் கூடியது.

முக்கால் மணி நேரம்.

பூஜை அலமாரியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தோஷம் வந்தால் வரட்டும். பிரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணத்தில் மோரை ஊற்றினாள். கொடுக்கிற சாக்கில் கனியை வெளியே கூட்டிவந்துவிடலாம்.

எதிர்க் கதவைத் தட்டினாள்.

டிவி சத்தம் குறைந்தது. கனியின் புருஷன்தான் திறந்தான். ஈரத்தலையை வாரியிருந்தான். எப்போதும் போலச் சிரித்தான். இந்தச் சிரிப்பை நம்பித்தான் காம்பவுண்டே அவனைத் தங்கம் என்கிறது.

"கனி உறைமோர் கேட்டா. அதான்..."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான்.

"எப்ப கேட்டா?"

இவள் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினாள்.

"நான் குளிக்கப் போனப்பவா?" அவனே கேட்டு அவனே தலையாட்டிக்கொண்டான். குரல் உயரவேயில்லை. "வீட்டுல இன்னைக்குப் பாலே வாங்கலியேக்கா."

உள்ளே திரும்பி, "கனி" என்று மெல்லக் கூப்பிட்டான்.



கதவைச் சாத்தப் போனான். கதவு இடித்து நின்றது.

இவளுடைய கால் உள்ளே இருந்தது. எப்போது வைத்தாள் என்று இவளுக்கே தெரியவில்லை. வலித்தது.

எடுக்கவில்லை.