நல்லதா ரெண்டு வார்த்தை

"எங்கிட்டக் கேட்டா உள்ளதைச் சொல்லித்தானுங்க ஆகணும். அந்தப் பொண்ணு ஒரு எடத்துல நிலைச்சு நிக்காதுங்க."

ஃபோனில் இப்படிச் சொல்லிக்கொண்டே எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார் மகுடேஸ்வரன். 'துணி நாளைக்கு ரெடி' என்று பார்ட்டிகளிடம் தினமும் பொய் சொல்கிற சாயப்பட்டறை முதலாளிதான். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் விளையாடுகிற பொய் சொல்வது இதுதான் முதல் தடவை.

எதிர்முனையில் பேசிய அம்மாள் பெயர் சொல்லவில்லை. "நாங்க விசாரிச்சோம்னு நதியாகிட்டச் சொல்லிராதீங்க" என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொண்டார். பின்னால் குக்கர் விசில் அடித்தது. கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பவர்கள் இப்போதெல்லாம் வீட்டிலிருந்தேதானே வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

"கோவம் கீவம் வருமுங்களா?"

"மூத்தவங்கன்னு பாக்காதுங்க. பட்டுன்னு எதுத்துப் பேசிரும். நாளைக்கு நீங்க என்னைச் சொல்லக் கூடாது பாருங்க."

"நல்லவேளைங்க, முன்னாலயே சொன்னீங்க." ஃபோன் வைக்கப்பட்டது.

நதியா பல்லடத்துப் பெண். பயோடெக் படித்துவிட்டு, இவர் பட்டறையில் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் வருவதற்கு முன்னால் தொட்டியில் கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்துச் செத்துப் போகும், நாற்றம் குடலைப் பிடுங்கும், பட்டறையை மூடச் சொல்லி உத்தரவு வரும். அவள் வந்த பிறகு ஒரு நாள்கூட மூடவில்லை. அவள் போய்விட்டால் பழைய கதைதான் என்று அவருக்குப் பயம்.

அதற்காக இப்படியா? ஹைதராபாத் தடுப்பூசிக் கம்பெனி ஒன்றுக்கு அப்ளிகேஷன் போடலாமா என்று போன மாதம் அவள் வந்து யோசனை கேட்டாள். ஆள் எடுத்துக் கொடுப்பது கோயம்புத்தூர் ஏஜென்சிதான் என்றும் சொன்னாள்.

"போடு கண்ணு. பயோடெக் படிச்சுப்போட்டு எத்தனை நாளைக்கு இந்தச் சாயத் தண்ணியவே பாத்துட்டிருப்பே? விசாரிக்கறதுக்கு எம் பேரைக் குடு. நல்லதா ரெண்டு வார்த்தை சொல்றேன்" என்று வாக்குக் கொடுத்த மகராசனும் இதே மகுடேஸ்வரன்தான்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. எழுந்து பிளான்ட் பக்கம் போனார். தொட்டி ஓரம் நதியா வாளியில் வெல்லம் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு பண்றே?"

"நாளையில இருந்து பொங்கல் லீவுங்களே சார். சாயத் தண்ணி வராது. பாக்டீரியா பட்டினியில செத்துப்போயிருமுங்க. நானே தெனம் காத்தால வந்து வெல்லத் தண்ணி ஊத்திட்டுப் போயிர்றேனுங்க."

"லீவு நாள்ல நீ எதுக்கு? வேற யாரையாச்சும்..."

"இருக்கற வரைக்கும் நாம பாத்துக்கணுமுங்களே சார்."

அவருக்கு அந்தத் தொட்டியிலேயே குதித்துவிடலாம் போலிருந்தது. பொங்கல் வைத்தார்கள், சாப்பிட்டார், ருசி தெரியவில்லை. இந்நேரம் அவள் பஸ் பிடித்து வந்து வெல்லத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்புதான். மாட்டுப் பொங்கலன்று மனசு கேட்காமல் அதே நம்பரைக் கூப்பிட்டார்.

"அம்மா, அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் பொய்யுங்க. அந்தப் பொண்ணு பத்தரைமாத்துத் தங்கமுங்க."

"அட, விடுங்க. நாங்க வேற பக்கம் பேசி முடிச்சுட்டோமுங்க."

ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் கெடுத்தாயிற்று. இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

பட்டறை திறந்த அன்று முதல் ஆளாக அவளே அறைக்குள் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "சார், உங்ககிட்ட ஒண்ணு பேசணுமுங்க."

அவள் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடலாம் என்று எழுந்துவிட்டார். "ஃபோன்ல உன்னைப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொன்னது நாந்தான் கண்ணு."

"தெரியுமுங்க சார். அதுக்குத்தான் ஸ்வீட் வாங்கிட்டு வந்தேன்." பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தாள். "ஹைதராபாத் வேலை கெடச்சிருச்சுங்க. நேத்து ஆர்டர் வந்துருச்சு."

"ஆர்டரா? அப்ப ஃபோன்ல பேசின அம்மா யாரு கண்ணு?"

"அவங்க பேரு சொல்லலீங்களா சார்? உங்ககிட்டப் பேசினது எங்கப்பா எனக்குப் பாத்த அவிநாசி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க. பொண்ணு வேலை பாக்கற எடத்துல விசாரிப்பாங்கல்லங்க? மொதலாளியே இப்படிச் சொல்றாருன்னு சம்பந்தத்தையே விட்டுட்டாங்க."

மகுடேஸ்வரன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எங்கப்பா தை மாசமே கல்யாணம்னு பிடிவாதமா நின்னாருங்க. என்னால ஒண்ணும் சொல்ல முடியல. எனக்கோசரம் நீங்க எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கீங்க! உசுரு இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேனுங்க சார்." கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்தக் கும்பிடு அவருக்கு அடி வாங்கியது போல வலித்தது. உண்மையைச் சொல்லாமல் ஸ்வீட் டப்பாவை நகர்த்தி வைத்தார். என்னவாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "ஏங்கண்ணு, மாப்பிள்ளை சரியில்லையா?"

"நல்ல மாப்பிள்ளைதானுங்க. வெளியூர் வேலைக்கு மட்டும் விட மாட்டோம்னுட்டாங்க."

"அப்பறம்?"

"கல்யாணம் பண்ணிட்டுக் காலம் பூரா உங்ககிட்டயே வேலை பாக்கணுமாம் சார்!"