ஆழம் சொன்ன படகு

கணினி வீரிட்டுக் கத்தியது. பூரணி தேநீரை மேசையில் சிந்திவிட்டாள்.

"பயப்பிடாதையுங்கோ அக்கா," என்று சிரித்தான் கணினி திருத்த வந்த குணரத்தினம். "பதிவு நிரம்பி வழிஞ்சிட்டுது. ஆரோ உங்கட மனுசன் மாதிரி நீட்டிக் கதைச்சிருக்கினம்."

சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கணவன் கதிராமன் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்தான்.

திருகோணமலைத் துறைமுகத்தில் பூரணி வேலை பார்த்த கப்பல் முகவர் அலுவலகத்துக்கு, ஒவ்வொரு இழுவைப் படகும் தன் அடியில் உள்ள ஆழத்தை ஒரு வரியில் அனுப்பும். கணினி பதிந்துகொள்ளும். செய்தி எவ்வளவு நீளம் என்று மட்டும் அது பார்க்காது. இடம் போதாமல் மிஞ்சியது பக்கத்து நினைவகத்தில் விழுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் குணரத்தினம் ஒரு குறுந்தட்டோடு வந்திருந்தான். அதைப் போட்டால் நீளச் செய்தியெல்லாம் முதல் வரியோடு வெட்டுப்படும்.

திரையைப் பார்த்தான். அனுப்பியது கதிராமனின் படகு. போன மாதம் குண்டு வெடித்து அவனோடு மூழ்கிய படகு.

ஆழங்கள் வரிசையாக நின்றன. எந்தக் கடல் வரைபடத்திலும் இல்லாத ஆழங்கள். இடையிடையே ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்: இன்னும் கீழ போறன். இஞ்சையும் விடியுது. மீனெல்லாம் வழி விடுது.

கடைசிச் சொல் பாதியில் நின்றது.

குணரத்தினத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவசரமாகக் குறுந்தட்டைச் செருகப் போனான். பூரணி அவன் கையைப் பிடித்தாள்.

"அடைக்காதையுங்கோ தம்பி. அவர் இன்னும் சொல்லி முடிக்கேல்லை."