ரோசலின் அம்மாளின் பல்செட்

முதியோர் இல்லத்தில் ரோசலின் அம்மாளின் பல்செட் டம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. எடுத்து மாட்டிவிட ஆளில்லை. நர்ஸ் கையிலிருந்த பேனாவோ, சாப்பாட்டுப் பதிவேட்டில் "நன்றாக மென்று சாப்பிட்டார்" என்று எழுதியது.

"நான் இங்கே ஊறிக்கிட்டிருக்கேன். அந்தம்மா எதை வெச்சு மென்னாங்களாம்?" என்றது பல்செட்.

"நேத்து எழுதினதைத்தான் இன்னைக்கும் எழுதுறேன். தப்புன்னா நேத்தே யாராவது கேட்டிருப்பாங்களே" என்றது பேனா.

வெறும் கஞ்சித்தண்ணியில் அந்தம்மாவின் கன்னம் நாளுக்கு நாள் ஒட்டிப்போவதைப் பல்செட் பார்த்துக்கொண்டே கிடந்தது.

ரோசலின் அம்மாள் இறந்த காலையில்தான் அதை வெளியே எடுத்தார்கள். மகன் வருகிறானாம், முகம் லட்சணமாக இருக்க வேண்டுமாம். வற்றிப்போன ஈறில் அது நிற்காமல் நழுவித் தலையணையில் விழுந்தது.

பக்கத்தில் பேனா அன்றைய மதியச் சாப்பாட்டையும் எழுதி முடித்திருந்தது.