சுண்ணாம்புக் கோட்டு வீடு

ஊரின் கடைசி வயலில், சர்வேயர் மனையோடு, அதில் கட்டப்போகும் வீட்டின் அறைகளையும் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்; மனை வாங்க வந்த அம்மாள் கேட்டால் முடியாதென்று சொல்ல அவருக்கு வாய் வராது. வெயிலில் கோடுகள் கண்ணைக் கூசவைக்கின்றன. அந்த அம்மாளின் கணவரான டெய்லர் ஒரு கோட்டைத் தாண்டக் காலெடுக்க, அவள் குடையை நீட்டித் தடுக்கிறாள். “சுவத்துல எங்க நுழையிறீங்க? வாசல் அந்தப் பக்கம்.” அவர் வாசலுக்குச் சுற்றிக்கொண்டு வருகிறார். சமையலறையில் ஒரு எருமை படுத்து அசைபோடுகிறது. “உங்கம்மாவுக்கு இந்த மூலை ரூம்.” “காத்தே வராதே.” வெட்டவெளிக் காற்று டெய்லரின் சட்டையைப் பிடித்து இழுக்கிறது; அவர் விடவில்லை. “உங்கம்மா வந்தா மட்டும் ஹால்ல, ஃபேனுக்குக் கீழயா?” குரல்கள் ஏறுகின்றன. சிரிப்பை மறைக்க சர்வேயர் வரைபடத்தை முகத்துக்கு நேரே தூக்குகிறார். தூக்கியவருக்குச் சிரிப்பு வற்றிவிடுகிறது. படத்தில் இடப்பக்கம் இருக்கும் ஏரி, அவருக்கு வலப்பக்கம் பளபளக்கிறது. காலையில் திசை மாறி நின்று அளந்திருக்கிறார். படத்தின்படி இவர்கள் சண்டை போடுவது, வரப்போகிற பெரிய ரோட்டின் நட்டநடுவில். தொண்டையைச் செருமிக்கொண்டு கோட்டருகே போகிறார். “அம்மா, ஒரு விஷயம்…” அவள் திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள், “எதுவானாலும் உள்ள வந்து பேசுங்க. செருப்பை வெளிய விட்டுடுங்க.” சர்வேயர் வாசல்வரை சுற்றிப் போய், செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றிவைத்துவிட்டு, இன்னும் போடாத ரோட்டின் நடுவில் கால் சுட நிற்கிறார்.