நாலாம் நம்பர் எலி

ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பத்து வெள்ளெலிகளுக்குப் புற்றுநோய்க் கட்டி வரவழைத்து, பேராசிரியரின் புது மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். எட்டு செத்துப்போயின. காதில் நம்பர் தகடு மாட்டிய நாலாம் எலியும் ஆறாம் எலியும்தான் மிச்சம்.

ஒரு நாள் சுவர்ப் பல்லி ஓடி வந்தது. "அடேய், உங்க கதை அச்சுல வந்திருக்கு! பத்து எலிக்கும் கட்டி கரைஞ்சுபோச்சாம். எழுதினவங்கன்னு பதினோரு பேர் பேரு."

"பதினோரு பேரா? ஊசி போட ஒருத்தர்தானே வந்தாரு?" என்றது ஆறாம் எலி.

"அவர் பேருதான் அதுல இல்லை. பேராசிரியர் மச்சான் பேருகூட இருக்கு. நாளைக்குப் பரிசுக் குழு உங்களைப் பார்க்க வருது."

நாலாம் எலி கட்டியை இழுத்துக்கொண்டு கம்பி ஓரம் வந்தது. "வரட்டும். இந்தக் கட்டியைப் பார்த்தா மருந்தை மாத்துவாங்க. நான் பொழைச்சுக்குவேன்."

விடிந்ததும் பேராசிரியர் வந்தார். நாலாம் எலியைக் கையில் எடுத்து, கட்டியைத் தடவிப் பார்த்தார். காதுத் தகட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அடுத்ததாக ஆறாம் எலியை எடுத்தார்.

மதியம் குழு வந்தது. கூண்டில் பத்து எலிகளையும் எண்ணிப் பார்த்து, பேராசிரியர் கையைக் குலுக்கிவிட்டுப் போனது.

பல்லி இறங்கி வந்தது. "டேய் நாலாம் நம்பர், எங்கடா இருக்கே?"

காதில் தகடு குத்திய இரத்தம் காயாத ஒரு கொழுத்த எலி திரும்பிப் பார்த்தது.

"நான்தான் நாலாம் நம்பர். உனக்கு என்ன வேணும்?"