பின்னால் இடம்

கடைக்காரர் இரண்டு பழைய லென்ஸ்களையும் டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஒன்று இருபத்தெட்டு மில்லிமீட்டர், மற்றது இன்னும் அகலமாகப் படம் பிடிக்கும் இருபத்துநாலு. திருமலையின் கை எதன் பக்கமும் போகவில்லை.

"எதுல நெறைய பேரு அடங்குவாங்களோ அதையே குடுங்க தம்பி," என்றாள் சுசீலா அக்கா. அவன் பிறந்தநாளுக்கு அவள்தான் வாங்கித் தருகிறாள். "இவன் பிலிம் கேமராவுல யாராவது ஒருத்தர் வெளிய நிக்க வேண்டியிருக்கு."

தங்கை கல்யாணத்தில் அவன் சொன்னது அது. அப்போது அத்தான் இறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் அக்காவைக் கண்ணால் காட்டி, "மங்கள காரியம் பாருங்க," என்று அவன் காதோடு சொல்லிவிட்டுப் போனார். "பிரேம்ல அடங்கல அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோயேன்," என்றான் திருமலை. அவள் சிரித்துக்கொண்டே விலகி, எல்லோருடைய கைப்பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"பின்னால போக எடம் இருந்தா இப்ப உங்ககிட்ட இருக்குற லென்ஸே போதுமே சார்," என்றார் கடைக்காரர். "சின்ன ரூமா?"

கல்யாணம் நடந்தது கோயில் மைதானத்தில். அவன் முதுகுக்குப் பின்னால் தேரே திரும்புகிற அளவுக்கு வெட்டவெளி கிடந்தது.

"எடமே இல்ல தம்பி," என்று அக்கா முந்திக்கொண்டாள். "சுவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான் எடுத்தான், பாவம்."

இருபத்துநாலை மாட்டிய கேமராவைக் கண்ணில் வைத்து, அவன் பக்கம் திரும்பி, வளையத்தை மெதுவாகத் திருகினாள்.

"தலைய நிமித்துடா," என்றாள்.